பியெனின் பெயரை எந்தத் தாளில் எழுதுவது

தெத் புத்தாண்டு முடிந்து வாசல் ஜாடியில் வைத்த பீச் பூக்கள் உதிரத் தொடங்கிவிட்டால், தியென் ஹாய் கடலோரத்துப் பெண்களுக்கு வீட்டில் கால் தரிக்காது. முதல் மாதம் கோயில் மாதம். மட்டி வாருகிற சேற்றுத் திடலை அந்த ஒரு மாதம் கடலே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, கூடையில் பழமும் ஊதுவத்தியும் ஒட்டரிசிச் சோறும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள்.

பஸ் பேசுவது, ஆள் சேர்ப்பது, யார் எந்த இருக்கையில் உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பது எல்லாம் லுவாவின் வேலை. யாரும் அவளிடம் ஒப்படைக்கவில்லை. அவளாக எடுத்துக்கொண்டாள். அவளிடமிருந்து பிடுங்க ஊரில் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. அறுபதைத் தாண்டிய ஒடிசலான உடம்பு, வெற்றிலைக் கறை ஏறிய பல், சேற்றுத் திடலில் அந்தக் கோடியில் நிற்பவளை இந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டுப் பழகிய தொண்டை.

"ஹென், கூடையை மடியில வச்சுக்கோ. நடைபாதையில வச்சா புத்தர் வந்தா தாண்டியா போவாரு?"

"புத்தர் எதுக்குடி இந்த பஸ்ல வர்றாரு? நீ போடற சத்தத்துக்கு அவர் நடந்தே போயிடுவாரு" என்றாள் ஹென். லுவாவோடு சின்ன வயதிலிருந்து திடலில் மட்டி வாருபவள். லுவாவுக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே வாய் ஊரில் அவளுடையதுதான்.

பஸ் ஓட்டுபவன் சாங். நாற்பது வயதிருக்கும். நாம் தின் நகரத்துக்காரன். மனைவி நோயில் போய்ச் சேர்ந்து வருடங்களாகிவிட்டன. நாலைந்து வருடமாக இந்தப் பெண்களின் கோயில் பயணத்துக்கு அவன்தான் வருகிறான். அதிகம் பேசமாட்டான். வயதானவர்களைக் கைபிடித்து இறக்கிவிடுவான், படையல் தட்டுகளைத் தூக்கிவருவான். சாரலில் செருப்பு வழுக்குகிற படிகளில் அவன் முன்னால் போய் நின்றுகொள்வதைப் பார்த்து, பெண்கள் அவனுக்கு ஆளுக்கொரு பெண் பார்த்து வைத்திருந்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில், மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த மோவை.

மோ லுவாவின் மருமகள். லுவாவின் மகன் பியென் அவளுடைய கணவன். அவன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஏழெட்டு வருடம் ஆகிவிட்டது.

"ஏப்பா சாங்! ரோடு முன்னாடிதான் இருக்கு. கண்ணாடிக்குள்ள இல்ல" என்று லுவா ஒரு குரல் கொடுத்தாள். பஸ் முழுக்கச் சிரித்தது. மோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாங்கின் காது சிவந்தது பின் வரிசைவரை தெரிந்தது.

லுவா சிரிக்கவில்லை.

பியென் கேட்டு வாங்கிய பிள்ளை. லுவாவுக்குக் கல்யாணமாகி வருடக்கணக்கில் வயிறு திறக்கவில்லை. மாமியார் நேராக ஒன்றும் சொல்லமாட்டாள். முட்டையிடாத வாத்தைத் திட்டுவாள். அந்த வருடம் லுவா யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஹுவோங் மலைக்குப் போனாள். ஓடையில் படகுக்காரி துடுப்புப் போட, இரண்டு பக்கமும் மலைகள் பனியில் மிதக்க, குளிரில் உட்கார்ந்து போனதை அவள் பிறகு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். மலையேறி, குகைக்குள் இறங்கி, கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துக் குடித்தாள். பிள்ளை வேண்டுகிறவர்கள் தடவித் தடவி வழவழப்பாகிப்போன கல் ஒன்று அங்கே உண்டு. கூட்டத்துக்குள் கையை நீட்டி அதைத் தொட்டாள்.

கேட்டுவிட்டுத் திரும்பும்போது பிள்ளை நம்மோடு வருகிறது என்றே நடந்துகொள்ள வேண்டும். அது வழக்கம். லுவா பஸ்ஸில் இரண்டு சீட்டு வாங்கினாள். வழிக்கடையில் சாப்பிட்டபோது இன்னொரு கிண்ணம் கேட்டு எதிரில் வைத்தாள். "வாடா கண்ணு, வீட்டுக்குப் போலாம், இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் இருந்தவர்கள் யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. ஒரு கிழவர் அந்தக் காலி இருக்கையில் உட்காரப்போய், விஷயம் புரிந்து, "மன்னிச்சுக்கப்பா தம்பி" என்று அதனிடம் சொல்லிவிட்டு நின்றுகொண்டே வந்தார்.

மறு வருடம் பியென் பிறந்தான். புத்தர் கொடுத்த பிள்ளை என்று லுவா அவனை அடித்ததே இல்லை. மற்றவர்களையும் அடிக்க விடவில்லை. பள்ளிக்கூடத்தில் அடித்த வாத்தியாரை வீடு தேடிப் போய்ச் சண்டை போட்டாள். அவனுக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பன் ஈரல் கெட்டுச் செத்தான். அதன்பிறகு அவளும் மகனும்தான். கடல் இறங்கும்போது இவள் கம்பி வாரியோடு இறங்குவாள். ஏறும்போது முழங்கால்வரை சேறோடு ஏறுவாள். அந்தச் சேறுதான் அவனை வளர்த்தது.

மோவை அவனாகப் பார்த்துக் கட்டிக்கொண்டான். பக்கத்து ஊர்ப் பெண். சாந்தமானவள், ஆனால் பயந்தவள் இல்லை. லுவா கத்தினால் எதிரே நின்று கேட்டுக்கொள்வாள். முடிந்ததும், "சரிம்மா, இப்போ சாப்பிடலாமா?" என்பாள். லுவாவுக்கு அவளைப் பிடித்துப்போனது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஒரு கோடையில் வெயில் தாங்காமல் திடல் முழுக்க மட்டி செத்து நாறியது. கடன் வாங்கி விதை மட்டி போட்டவர்களெல்லாம் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். பியென் வெளிநாட்டு மீன்பிடிக் கப்பலில் வேலைக்குக் கையெழுத்துப் போட்டான். மோ அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள். "பிள்ளை நடக்க ஆரம்பிக்கறதுக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். கப்பல் துறைமுகம் தொடும்போதெல்லாம் போன் செய்வான். கடைசிப் போனுக்குப் பிறகு வேறொரு போன் வந்தது. ஆளனுப்பிய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். விடிந்து பார்த்தபோது ஆள் கப்பலில் இல்லையாம். கடல் கொந்தளிப்பாக இருந்ததாம். தேடினார்களாம். வருந்துகிறார்களாம்.

ஊர்த் தலைவர் வெள்ளைத் துணியும் ஊதுவத்தியும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். லுவா வாசலிலேயே மறித்தாள்.

"என்ன இது?"

"அக்கா, மனசைத் தேத்திக்கிட்டு..."

"என் புள்ளையப் பாத்தியா நீ? செத்ததப் பாத்தியா? பாக்காதவன் எதுக்கு ஊதுவத்தி வாங்கிட்டு வந்த? உன் காசு உனக்குக் கடிக்குதா? எடுத்துட்டுப் போ!"

அவர் எடுத்துக்கொண்டு போனார். முன்னோர் பீடத்தில் பியெனின் படம் ஏறவில்லை. மகள் நூ பிறந்தாள், தவழ்ந்தாள், நடந்தாள், அப்பா கப்பலில் இருக்கிறார் என்று சொல்லக் கற்றுக்கொண்டாள்.

அந்த மாதிரிக் கப்பல்களில் போய்வந்த ஒருவன், வேலை தாங்காமல் சில பேர் தீவுகளில் குதித்து ஓடிவிடுவார்கள், அங்கேயே குடித்தனம் நடத்துவார்கள் என்று சந்தையில் யாரிடமோ சொன்னான். அது லுவாவின் காதுக்கு வந்தது. அவள் ஹாய் ஃபாங் பக்கம் ஒரு குறிகாரரைத் தேடிப் போனாள். அவர் கண்ணை மூடி யோசித்து, ஆள் உயிரோடிருக்கிறான், கிழக்கே இருக்கிறான், ஒரு பெண்ணோடு இருக்கிறான் என்றார். லுவா அன்றைக்கு ஒரு வாத்தை அடித்துக் குழம்பு வைத்தாள்.

"வேற பொம்பளையோட இருந்தா இருக்கட்டும்டி. வரட்டும், வந்ததும் காலை ஒடிக்கறேன். இருக்கான்ல, அது போதும்" என்று மோவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மோவும் சிரித்துக்கொண்டு குழம்பை ஊற்றினாள்.

கோயில்களில் வேண்டுதல் தாள் எழுதுவது உண்டு. ஓரமாக மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர் பெயர், வயது, ஊர் எல்லாம் கேட்டு எழுதித் தருவார். அதைப் பீடத்தில் வைத்து வாசித்து, பிறகு எரித்தால் மேலே போய்ச் சேரும். இருப்பவர்களுக்கு நலம் கேட்க ஒரு தாள், போனவர்களுக்கு நற்கதி கேட்க இன்னொரு தாள். எந்தக் கோயிலுக்குப் போனாலும் லுவா முதலில் நிற்பது அந்த மேசை முன்னால்தான். இருப்பவர்கள் தாளில், தன் பெயருக்கும் முன்னால், மகன் பெயர். வருடா வருடம் அவன் வயதை ஒன்று கூட்டிச் சொல்வாள்.

சாங்கின் காது சிவந்த அந்தப் பயணத்தில் பஸ் முதலில் கெயோ கோயிலுக்குப் போனது. மாவு சலிப்பதுபோல் மெல்லிய சாரல். குளத்தைச் சுற்றிக்கொண்டு போய், நீண்ட தாழ்வாரம் வழியாக ஒவ்வொரு கூடமாகக் கும்பிட்டுக்கொண்டு, கடைசியில் மரத்தாலான மணிக்கோபுரத்தின் அடியில் எல்லோரும் சேர்ந்தார்கள். ஆணி அடிக்காமல் மரத்தை மரத்தில் கொளுவிக் கட்டிய மூன்றடுக்குக் கோபுரம். அதன் கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. லுவா தட்டுகளைச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

தாழ்வாரத்தின் ஓரத்தில் சாங் ஒரு கையில் குடையையும் மறு கையில் வாழைப்பழத் தட்டையும் பிடித்துக்கொண்டிருந்தான். குடை காற்றில் மேல்பக்கம் திரும்பிக்கொண்டது. அதைச் சரிசெய்யப் போய்த் தட்டு சாய்ந்தது, தட்டைப் பிடிக்கப் போய் குடை பறந்து குளத்தில் விழுந்தது. மோ சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, முதுகு குலுங்க, நிறுத்த முடியாமல் சிரித்தாள். மகன் போன பிறகு மருமகள் அப்படிச் சிரித்து லுவா பார்த்ததில்லை.

லுவாவுக்குள் என்னவோ அறுந்தது.

"நல்லாருக்குடி! புருஷன் உசிரோட இருக்கறப்பவே கோயில்ல நின்னு கண்டவன்கிட்ட பல்லைக் காட்டறது நல்லாருக்கு! வீட்டுல எவ்வளவு அடக்கம், வெளிய வந்தா எவ்வளவு குஷி! புத்தரும் பாத்துட்டுத்தான் இருக்காரு!"

கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சாங் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு பஸ் பக்கம் போய்விட்டான். மோ குனிந்து, சிந்திய பழங்களைப் பொறுக்கித் துடைத்துத் தட்டில் அடுக்கினாள்.

"வாயா அது, சாக்கடையா?" என்றாள் ஹென். "கோயில்லயாவது கொஞ்சம் மூடி வையேன்டி."

மதியச் சாப்பாட்டுக்கு வண்டியை ஓரங்கட்டியபோது, ஒட்டரிசிச் சோற்றை எள்ளுப்பொடியில் தொட்டு எல்லோரும் சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள். லுவாவின் பங்கை மோதான் வாழையிலையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். லுவா வாங்கிக்கொண்டாள். அப்படியே மடித்துக் கூடையில் வைத்துக்கொண்டாள்.

பிற்பகலில் புத் தாப் கோயில். ஆற்றங்கரை மேட்டிலிருந்து பார்த்தால், வயல்களுக்கு நடுவே கல்கோபுரம் தூரிகையை நிமிர்த்தி வைத்ததுபோல் வானத்தைப் பார்த்து நிற்கும். மேல் கூடத்தில் ஆயிரம் கை, ஆயிரம் கண் கொண்ட கருணைத் தாய் இருக்கிறாள். ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஒரு கண். முந்நூறு வருடத்துக்கு மேலாகத் தாமரைமேல் உட்கார்ந்திருக்கிறாள். அரக்குப் பூச்சு மங்கியும் கைகள் சளைக்கவில்லை. லுவா மற்றவர்களை முன்னால் போகவிட்டுவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்தாள்.

வழக்கமாகச் சொல்கிற நாமத்தைச் சொன்னாள். பிறகு, ஹென்னிடம் பேசுகிற அதே தோரணையில், ஆனால் மெதுவாக, ஆரம்பித்தாள்.

"தாயே, வருஷா வருஷம் வர்றேன். உனக்கு ஆயிரம் கண்ணு. ஒரு கண்ணு கூடவா பாக்கல? இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, கடல் பக்கம் ஒண்ணு திரும்பியிருக்காதா? பாத்தேன்னு சொல்லு. எங்கேன்னு கூட வேணாம். பாத்தேன்னு மட்டும் சொல்லு."

பின்னால் செருப்பில்லாத காலடிச் சத்தம் கேட்டது. மோ வந்து பக்கத்தில் மண்டியிட்டு, கைகூப்பிக் கும்பிட்டாள். எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். கோவப்படாம கேக்கணும்."

"கேளு. கோவப்படறதெல்லாம் காலையிலேயே தீர்ந்து போச்சு."

"அவர் உசிரோட இருக்காருன்னு சொல்றீங்க. சரி. எங்க இருக்காரு?"

"குறிகாரர்தான் சொன்னாரே. கிழக்கால."

"யாரோட?"

லுவா கருணைத் தாயின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற ஒருத்தியோடன்னு சொன்னாரு. அன்னிக்கு நீங்க வாத்துக் குழம்பு வச்சீங்க. நானும் சிரிச்சுக்கிட்டே சாப்பிட்டேன். உங்களுக்கு அது ஆறுதல்னு எனக்குத் தெரியும்மா. அதனாலதான் இத்தனை வருஷம் வாயைத் திறக்கல. ஆனா எனக்கு அது என்னன்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா? பொண்டாட்டி புள்ளைத்தாச்சின்னு தெரிஞ்சும் விட்டுட்டு ஓடினவருன்னுதானே அர்த்தம்? புள்ளை பொறந்துச்சா, ஆணா பொண்ணா, அம்மா இருக்காளா செத்தாளா, ஒரு போன் போட்டுக் கேக்கத் தோணாத மனுஷனா அவரு?"

"அங்க போன் இருக்கோ என்னவோ..."

"எனக்குக் கை சுளுக்கினா விடிய விடிய எண்ணெய் போட்டு நீவி விட்டவரும்மா. நீங்க இருமினா மருந்துக்கு மழையில ஓடினவரு. அவர் உசிரோட இருந்தா நீந்தியாவது வந்திருப்பாரு. வரல. ஏன்னா வர முடியல. நான் கட்டிக்கிட்டவர் நல்லவரு. நீங்க அவர உசிரோட வச்சுக்கணும்கிறதுக்காக அவரக் கெட்டவரா ஆக்கிட்டீங்க." மோவின் குரல் உடைந்தது. "எங்கப்பா எங்கள விட்டுட்டு ஓடிட்டாருன்னு நூ பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்கா. டீச்சர் கூப்பிட்டுச் சொன்னாங்க. அவர் அப்படியில்லன்னு நான் எந்த வாயால அவகிட்ட சொல்றது?"

சாங்கைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. லுவா அதைக் கவனித்தாள்.

வெளியே யாரோ மணியடித்தார்கள். லுவா கையை ஊன்றி எழுந்தாள். மருமகளைப் பார்க்காமல், கல்பாலத்தைத் தாண்டி, ஒன்பதடுக்குத் தாமரைக் கோபுரம் இருக்கிற கூடத்துக்குப் போய் அந்த மரக்கோபுரத்தின் முன்னால் நின்றாள். முன்பெல்லாம் அதைச் சுழற்றிச் சுழற்றி வேண்டிக்கொள்வார்களாம். கைதொட்டுக் கும்பிடாமலேயே கொஞ்ச நேரம் அப்படி நின்றாள். பிறகு திரும்பி நடந்தாள்.

எழுதுகிற பெரியவர் கூரைச் சாய்ப்பின் கீழ், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நலத்துக்குத்தானே? பேர் சொல்லுங்கம்மா."

லுவா தன் பெயரைச் சொன்னாள். மோவின் பெயரை, நூவின் பெயரை, வயதோடு சொன்னாள். பெரியவர் தூரிகையைத் தூக்கிக்கொண்டு, "அப்புறம்?" என்றார்.

"அவ்வளவுதான். இன்னொரு தாள் எழுதணும்."

"எதுக்கு?"

லுவா மேசையின் இன்னொரு பக்கத்தில் இருந்த கட்டைக் காட்டினாள்.

"போனவங்களுக்கா? வீட்டுக்காரருக்கா?"

"அவருக்கு எழுதியாச்சு, ஊர்க்கோயில்ல. இது மகனுக்கு."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். புதுத் தாளை எடுத்து, மடிப்பு நீவி வைத்தார். பெயரைக் கேட்டு எழுதினார்.

"என்னிக்குத் தவறினாரு?"

லுவா விழித்தாள். மகன் பிறந்த நாளும் நாழிகையும் தெரியும். அவன் முதல் பல் விழுந்த நாள் தெரியும். இது தெரியாது.

"நாள் போடாம எழுதக்கூடாதா?"

"நாள் இல்லேன்னா வருஷா வருஷம் என்னிக்குக் கூப்பிட்டுச் சோறு வைப்பீங்க? கடல்ல போனவரா? சரி. வீட்ட விட்டுக் கிளம்பின நாளைப் போடலாம். நெறைய பேர் அப்படித்தான் செய்யறாங்க."

"கிளம்பின நாள் வேணாம்." மோ பின்னால் வந்து நின்றிருந்தாள். "கடைசியாப் போன் பண்ணின நாளைப் போடுங்க. எட்டாம் மாசம், பௌர்ணமிக்கு மறுநாள். அன்னிக்கு நல்லாப் பேசினாரு. புள்ளை உதைக்குதான்னு கேட்டாரு. அம்மா திட்டறாளான்னு கேட்டாரு."

"என்ன சொன்ன?" என்றாள் லுவா, திரும்பாமலேயே.

"தினமும் திட்டறாங்கன்னு சொன்னேன். அப்ப நல்லாருக்காங்கன்னு சிரிச்சாரு."

அதுவரை அழாத லுவா அங்கே அழுதாள். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குரலே எழாமல் அழுதாள். பெரியவர் எழுதுவதை நிறுத்தி, தாள் நனையாமல் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார். மோ மாமியாரைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள்.

ஒரு பிக்குணி வந்து தாளைப் பீடத்தில் வைத்து வாசித்தாள். ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து பின்னால் உட்கார்ந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. எரிக்கும் உலையில் தாள் சட்டென்று பற்றவில்லை. சாரலில் காகிதம் பதமாகியிருந்தது. ஹென் தன் முக்காட்டைப் பிடித்துக் காற்று மறைத்தாள். அவள் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. சாங் மரத்தடியில் வெறுந்தலையோடு நனைந்துகொண்டு நின்றான். கிட்டே வரவில்லை.

திரும்பும் வழியில் பஸ் ஆற்றங்கரை மேட்டில் ஏறியதும் லுவா எழுந்து முன்னால் போனாள். டிரைவர் இருக்கையின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சாங்."

"சொல்லுங்கம்மா."

"காலையில பேசினது என் வாய். மனசுல வச்சுக்காத."

"வச்சுக்கலம்மா."

"அந்தக் கண்ணாடியை அப்படியே வச்சிரு. திருப்பாத." சொல்லிவிட்டு இருக்கைக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஊர் திரும்பிய வாரமே காரியம் நடந்தது. உடம்பில்லாத பெட்டி. உள்ளே பியெனின் கல்யாணச் சட்டையும், அவன் போட்டுத் தேய்ந்த ரப்பர் செருப்பும் வைத்தார்கள். நூவின் நெற்றியில் வெள்ளைத் துணி கட்டியபோது அவள், "பாட்டி, இதுக்குள்ள அப்பா இல்லியே, சட்டைதானே இருக்கு?" என்று கேட்டாள். "சட்டை இருந்தா வந்துருவான். அவனுக்கு அந்தச் சட்டைன்னா உசிரு" என்றாள் லுவா. கடலைப் பார்த்த மேட்டில் புதைத்தார்கள். பீடத்தில் தகப்பன் படத்துக்குப் பக்கத்தில் மகன் படம் ஏறியது. தகப்பனுக்கு இருந்தது கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த ஒரே படம்; அதனால் தகப்பனைவிட மகன்தான் மூத்தவனாகத் தெரிந்தான்.

துக்கம் கழிந்து வெள்ளைத் துணியை எரித்த பிறகு, சாங் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தான். மோவைப் பெற்றவர்கள் முன்பே போய்விட்டதால், பெண்ணைப் பெற்றவள் உட்காரும் இடத்தில் லுவாதான் உட்கார்ந்தாள்.

"என் மருமகளுக்குக் கோவம் வராது. வந்தா பேசமாட்டா. பேசாம இருந்தா பயந்துக்கோ. அவளுக்கு இஞ்சி ஆகாது. கடல் பக்கம் வேலைக்குப் போக மாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணிக் குடு" என்றாள். அவன் சத்தியம் செய்தான்.

நூவைப் பற்றி யாரும் பேச்சை எடுக்கவில்லை. மறுநாள் கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டே மோ சொன்னாள்: "அம்மா, நூ உங்க கூட இருக்கட்டும். வாரா வாரம் நான் வந்துட்டுப் போறேன். உங்களுக்குத் துணையா இருக்கும்."

லுவாவுக்குச் சரி என்கிற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. மூன்று கிண்ணங்களைத் துலக்கி முடிக்கும்வரை அந்த வார்த்தையை வாயிலேயே வைத்திருந்தாள்.

"வேணாம். அப்பன் இல்லாம வளந்துச்சு, இப்ப அம்மாவும் இல்லாம வளரணுமா? கூட்டிட்டுப் போ. நகரத்துல நல்ல பள்ளிக்கூடம் இருக்கும். இங்க இருந்தா என்னை மாதிரிக் கத்தத்தான் கத்துக்கும்."

அவர்கள் போன அன்றைக்கு நூ வண்டியில் ஏற மறுத்து வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டாள். லுவா அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, தூக்கி அம்மாவின் மடியில் உட்காரவைத்தாள். வண்டி திருப்பத்தில் மறையும்வரை கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு வீட்டுக்குள் போகாமல் நேராகத் திடலுக்குப் போய்விட்டாள். கடல் ஏறியிருந்த நேரம், வேலை ஒன்றும் இல்லை. கரையில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

மோவுக்கு அடுத்து ஒரு பையன் பிறந்தான். வருடா வருடம் எட்டாம் மாதப் பௌர்ணமிக்கு மறுநாள் எல்லோரும் வருவார்கள். சாங் பியெனின் படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிவிட்டு, அடுப்பு ஊதப் போய்விடுவான். லுவாவை அவன் அம்மா என்றுதான் கூப்பிடுகிறான். அவளும் அவனைத் திட்டுகிறாள். நூ வளர்ந்துவிட்டாள். எங்கப்பா கடலில் செத்துப்போனார், ரொம்ப நல்லவர், அம்மாவுக்குக் கை சுளுக்கினால் எண்ணெய் போட்டுவிடுவார் என்று கேட்டவர்களிடம் சொல்கிறாள்.

கோயில் பஸ்ஸை இப்போது ஹென் நடத்துகிறாள். லுவா போகிறாள், வருகிறாள், சொன்ன இருக்கையில் உட்காருகிறாள். குரல் மட்டும் குறைந்துவிட்டது. வயசாகிவிட்டது என்று ஊரில் சொல்கிறார்கள்.

ஒரு பனிக்காலத்தில், கடல் இறங்கிய திடலில் இரண்டு பேரும் மட்டி வாரிக்கொண்டிருந்தார்கள். ஹென் இடுப்பை நிமிர்த்திக்கொண்டு கேட்டாள்.

"ஏண்டி, இப்பல்லாம் கோயிலுக்குப் போனா நீ தாளே எழுதறதில்லையே. மேசைப் பக்கமே வர்றதில்ல. என்னாச்சு?"

"எந்தத் தாளுல எழுதறது?" என்றாள் லுவா.

"என்னடி கேள்வி? போனவங்க தாளுலதான். எழுதினியே, நானே காத்து மறைச்சு நின்னேனே."

லுவா வாரியைச் சேற்றில் ஊன்றிக்கொண்டாள்.

"நானும் நம்பிட்டேன்னு மோ நம்பணும்னு எழுதினேன். அவ சின்னப் பொண்ணு. நூவுக்கு அப்பன் நல்லவனா வேணும். எழுதினது சரிதான். ஆனா நான் இன்னும் நம்பலடி, ஹென்."

ஹென் கூடையைச் சேற்றில் இறக்கி வைத்தாள்.

"செத்தவன்னா அவன் நல்லவன். இருக்கான்னா அவன் பாவி, எனக்குத் தெரியுது. பாவியாவே இருக்கட்டும். எங்கியாவது எவளோடயாவது உக்காந்து சோறு தின்னுட்டு இருக்கட்டும். என்னை மறந்தே போயிருக்கட்டும். அப்படித்தான் வேண்டிக்கறேன். அதை எந்தப் பெரியவர்கிட்ட சொல்லி எழுதச் சொல்றது? அதான் வாய்க்குள்ளயே சொல்லிட்டு வந்துடறேன்."

"அது போய்ச் சேருமாடி, எழுதாம?"

"தெரியல."

காற்று எழும்பியிருந்தது. தொலைவில் தண்ணீர் வெள்ளைக் கோடாகத் திரும்பத் தொடங்கியிருந்தது. ஹென் தன் கூடையிலிருந்து இரண்டு கை மட்டியை அள்ளி லுவாவின் கூடையில் போட்டாள். லுவா அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பாள். இரண்டு பேரும் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, சேற்றில் காலை இழுத்து இழுத்துக் கரைக்கு நடந்தார்கள்.